ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒரு டியூப்

பி.ஃபார்ம் முடித்த கையோடு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோல் மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. தோல் வேகவேகமாக வளர்ந்து செதிலாக உதிரும் சொரியாசிஸுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு களிம்பை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதற்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். கெங்கவல்லியில் இருந்த அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஏன், எலியெல்லாம் லீவுல போயிருச்சா?" என்றார்.

நான் அசரவில்லை. அடுத்த தீபாவளிக்குள் சொரியாசிஸை நாட்டைவிட்டே விரட்டிவிடும் வேகத்தில் இருந்தேன்.

சோதனையின் விதி இதுதான். பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. டியூபின் மேல் எண் மட்டும் இருக்கும். யாருக்கு எது என்று பூசிக்கொள்கிறவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் மனசு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயப் பெரியவருக்கு இதை மூச்சுவிடாமல் விளக்கினேன். அவருக்கு இரண்டு புறங்கையிலும் தோல் சிவந்து தடித்து, செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது.

"ஏனுங் தம்பி, டாக்டரம்மாளுக்குமே தெரியாதுங்களா?"

"தெரியாதுங்கய்யா."

"அப்பறம் என்னத்துக்குங்க வெளிய அத்தாம்பெரிய போர்டு?"

ஆனாலும் சம்மதித்தார். ஆவணியில் அவர் மகளுக்குக் கல்யாணம். "மண்டபத்து வாசல்ல நின்னு எல்லாத்தையும் கும்பிடோணுமுங்க. கும்பிட்டா பொறங்கைதானுங்களே தெரியுது? இது ஒட்டாதுன்னு வர்ற சனத்துக்கெல்லாம் மைக்கு வெச்சா சொல்ல முடியும்?"

அடுத்து அவருடைய பங்காளியும் வந்து சேர்ந்தார். சித்தப்பா மகன். இவருக்கு முழங்கையிலும் முழங்காலிலும். சொரியாசிஸ் குடும்ப வழியில் வரக்கூடியதுதான். இருவருக்கும் கிணறு பொது, வரப்பு பொது, நோய் பொது. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. பெஞ்சின் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

"தம்பி, அங்க ஒக்காந்திருக்கற ஆளு காத்து மொத்தத்தையும் அமுக்கறாரு. ஃபேனுலயும் பங்கு கேக்கறாராமான்னு கேளுங்க" என்றார் பங்காளி.

"காத்தாவது மிச்சம் உட்டிருக்குதேன்னு சந்தோசப்படச் சொல்லுங்க தம்பி."

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது இருவருக்குமே செதில் குறைந்திருந்தது. அச்சில் வார்த்தது போல ஒரே அளவு முன்னேற்றம். நான் டாக்டரின் அறைக்கு ஓடினேன்.

"மேடம், ரெண்டு பேருக்குமே கேக்குது! களிம்பு பிரமாதம்!"

"நீ இப்படிக் குதிக்கக் கூடாதுன்னுதானப்பா வெறும் நம்பரை ஒட்டி அனுப்பியிருக்காங்க" என்றார் அவர்.

குதித்து முடித்து, எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்று பார்க்க, திரும்பி வந்த டியூப்களை எடைபோட எடுத்தேன். பெரியவரின் பையில் இருந்தது பங்காளியின் எண். பங்காளியின் பையில் பெரியவரின் எண். கொடுக்கும்போதே மாற்றிக் கொடுத்துவிட்டேனா? வேலையும் போச்சு, சொரியாசிஸும் நாட்டிலேயே இருக்கும்.

"ஐயா, இது உங்க டியூபுங்களா?"

"இல்லீங்க, அவனுது. இந்த வாரம் எம்பட முறைங்க."

"முறையா?"

"கெணத்துல எப்பிடீங்களோ அப்பிடித்தான். ஒரு நாளு மோட்டாரு அவனோட காட்டுக்கு ஓடும், மறுநாளு எம்பட காட்டுக்கு ஓடும். ஒரு டியூப்புல மருந்தில்லீன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? நல்ல டியூப்பு அவனுக்கே போயிருந்துச்சுன்னா? அதான் வாரத்துக்கு வாரம் மாத்திக்கறமுங்க."

"நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லையே!"

"பேசறதுக்கு என்னுங்க இருக்குது? மோட்டார் ரூம்புல, ஸ்டார்ட்டர் பெட்டி மேல வெச்சுருவேன். அவன் வந்து அவனுத வெச்சுட்டு எடுத்துக்குவான்."

பெஞ்சின் அந்த முனையிலிருந்து குரல் வந்தது. "தம்பி, போன வாரம் ஒரு நாளு லேட்டா வெச்சாரு. அதையுங் கேளுங்க!"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். எந்தத் தோலில் எந்த டியூப் வேலை செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. இருவரும் சோதனையிலிருந்து விலக்கப்பட்டார்கள். பெரியவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அப்ப எங் கையிக்கு? கல்யாணத்துக்கு நாளு நெருங்கீருச்சுங்களே."

"சோதனையிலதான் நீங்க இல்லை. ஏற்கெனவே இருக்கிற நல்ல மருந்தை எழுதித் தர்றேன். இதுல வெறும் டியூப்பே கிடையாது" என்றார் டாக்டர்.

பெரியவர் என்னைப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா மொத வாரமே தப்புப் பண்ணியிருப்பமுங்களே!"

"கையெழுத்து வாங்கறப்பவே சொன்னனேங்கய்யா, எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், வேற மருந்து தருவாங்கன்னு."

"நீங்க சொன்ன வேகத்துக்கு போர் போடற ரிக்கு வண்டிகூடப் பின்னால வர முடியாதுங்க, சாமி."

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எனக்குச் சாப்பாட்டின் மேல் கவனமே இல்லை. வாசலில் நின்ற பெரியவருடைய கைகளின் மேலேயே இருந்தது. செதில் போயிருந்தது. ஆனால் சிவப்புத் திட்டு முழுக்க மறையவில்லை. அவர் வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் நின்று, குனிந்து பார்த்தார்.

"கையில என்னுங்க அது?"

குறுக்கே புகுந்து விளக்கிவிடலாமா என்று ஓரடி எடுத்தும் வைத்தேன். அதற்குள் பெரியவரே ஆரம்பித்துவிட்டார்.

"தோலு அவசரப்பட்டு வளர்றதுங்க. வேறொண்ணுமில்ல, ஒட்டாது" என்று சொல்லி, அதே இரண்டு கைகளாலும் வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வந்தவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பந்தி ஆரம்பித்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்.