ருசி பார்க்காத கூழ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சாம்பார்ப் பொடி போடும் கம்பெனி ஒன்றில் அருணாவின் வேலையே நாக்குதான். அரைத்து வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள், வெந்நீரில் கொப்பளிப்பாள், நோட்டில் 'பாஸ்' என்று எழுதுவாள். பதினோரு வருஷம். அந்த நாக்குக்காக டீயை ஆறவைத்துத்தான் குடிப்பாள். நாக்கில் படாத எதையும் அவள் கம்பெனி கேட்டைத் தாண்ட விட்டதில்லை.

இந்த ஆடியில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் ஊரில், கங்கையம்மனுக்குக் கூழ் காய்ச்சும் முறை முதல்தடவையாக அவள் வீட்டுக்கு வந்தது. ஊரே குடிக்கிற அண்டா. ஆத்தாளுக்குப் படைக்கும்வரை ருசி பார்க்கக்கூடாது, மோந்துகூடப் பார்க்கக்கூடாது. கோயில் வாசலில் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொண்டாள்.

"நாக்க கம்பெனிலயே வெச்சுட்டு வந்துட்டியாடி?" கூழ் கிளறும் துடுப்பைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மாள் கேட்டாள்.

"லீவு குடுத்துக்கீறேன்கா."

அரிசி நொய் வெந்து, கேழ்வரகு மாவு கலந்து, கூழ் கொதி வந்தபோது தெருமுனையில் பம்பை முழங்கியது. இருவரும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அருணாவின் கையில் உப்புப் பாக்கெட் பாதியாக இருந்தது; கொண்டுவரும்போதே பாதிதானா என்று நினைவில்லை.

"அக்கா, உப்பு போட்டேனா?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் பம்பையப் பாத்துக்கினு இருந்தேன்."

போட்டிருந்து மறுபடி போட்டால் வாயில் வைக்க முடியாது. போடவே இல்லையென்றால் ஊர் சிரிக்கும். துடுப்பின் நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. துணியை இறக்கி ஒரு விரல் வைத்தால் போதும், தெரிந்துவிடும். விரல் பாதி தூரம் போயும்விட்டது. கங்கம்மாள் பார்க்கவில்லை.

அருணா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"உனக்குன்னு காச்சினேன் தாயே, நீயே பாத்துக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு அண்டாவை இறக்கச் சொன்னாள். நாக்கு பார்க்காமல் அவள் அனுப்பிய முதல் லாட். ஏனோ உடம்பே லேசாகிவிட்டது. துணிக்குள் சிரித்துக்கொண்டாள்.

பூசாரி பச்சையப்பன் முதல் செம்பைப் படைத்துக் கற்பூரம் காட்டினார். அடுத்த செம்பை அவளிடமே நீட்டினார். துணியை அவிழ்த்து ஒரு வாய் குடித்தாள்.

"நைனா, உப்பே இல்ல."

அவரும் குடித்துப் பார்த்தார். "ஆமா, துளிகூட இல்ல."

"அப்ப ஆத்தா உப்பில்லாமயா குடிச்சா?" என்றாள் கங்கம்மாள்.

"அவ ஒண்ணும் சொல்லலியே" என்றார் பூசாரி.

"அவ சொல்லமாட்டா நைனா. நான் குடுத்தா எப்பிடி இருந்தாலும் வாங்கிப்பா." தூக்குவாளியோடு நின்ற வரிசையைக் காட்டினாள் அருணா. "இந்த ஜனம் உடுமா?"

வரிசையே சிரித்தது. அவள் இரண்டு கை உப்பு போட்டுத் துழாவினாள். நாக்கில் வைத்தாள். இன்னும் அரைக் கை. கண்ணை மூடி மறுபடி வைத்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இன்னாடி?" என்றாள் கங்கம்மாள்.

"பாஸ்க்கா," என்று கரண்டியை எடுத்தாள்.