மீட்டர் கண்ணாடியில் ஒரு பொட்டு

சுடுதண்ணீரும் துருவும் கலந்த ஒரு வாசனை... பழைய கார் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வருமே, அது. எங்கள் வீட்டுக்காரர் சட்டையில் எப்போதும் அந்த வாசனை இருக்கும்.

அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. கொடியில் கிடக்கிற சட்டையில் வாசனை போய்விட்டது. காரில் மட்டும் இருக்கிறது.

சாம்பல் நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் கார். எங்கள் இரண்டு பேரையும் விட அதற்கு வயது கூட. தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த மனுசன் அதை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட ஆரம்பித்தார். நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவேன்.

நுவரெலியாவுக்கும் மேலே எங்கள் தோட்டம். எங்கே போனாலும் திரும்பி வருவது ஏற்றம்தான். ஒரு தடவை றம்பொடை ஏற்றத்தில் கார் கொதித்து, புகை கக்கி, நடு ரோட்டில் நின்றுவிட்டது. டவுனில் இருந்த மெக்கானிக் பாஸ்தான் எஞ்சினைக் கழற்றிச் சரி செய்தார். சிங்களவர், ஆனால் தமிழ் எங்களை மாதிரியே பேசுவார். வீட்டுக்காரர் அவருக்கு மல்லி, நான் நங்கி; தம்பி, தங்கச்சி என்று அர்த்தம்.

"இன்னொரு தடவ கொதிச்சா இந்த எஞ்சின் அவ்வளவுதான் மல்லி. அதுக்கப்புறம் காரு கோழி அடைக்கத்தான் ஆகும்."

அந்தக் கார் போனால் எங்கள் பிழைப்பே போச்சு. தண்ணீர் எவ்வளவு சூடு என்று காட்ட அதில் ஒன்றுமே கிடையாது. அதனால் தனியாக ஒரு மீட்டர் வாங்கி வந்தார். வட்டக் கண்ணாடி, உள்ளே முள். பின்னால் நூல் மாதிரி நீளமாக ஒரு செம்புக் குழாய், அதன் நுனியில் ஒரு குமிழ். அந்தக் குமிழ்தான் எஞ்சினுக்குள் தண்ணீரில் நிற்க வேண்டுமாம்.

"காருல பூட்டுறதுக்கு முன்னால டெஸ்ட் பண்ணணும்" என்று நேரே அடுப்படிக்கு வந்தார்.

கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. குமிழை உள்ளே விட்டார். முள் ஏறியது... ஏறியது... நூறுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

"கொதிக்கிற தண்ணி நூறு காட்டணும் புள்ள. ஏமாத்திப்புட்டான் கடக்காரன்."

மறுநாள் சண்டை பிடித்து வேறு மீட்டர் மாற்றி வந்தார். அதுவும் அதே இடத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக் காம்பிராவில் கேத்தல் இரவல் வாங்கிக்கூடப் பார்த்தார். பூட்டவே மாட்டேன் என்று அலுமாரி மேல் தூக்கி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ் வீட்டுக்கு வந்தபோது கதையைக் கேட்டு, தேத்தண்ணி புரை ஏறும்படி சிரித்தார்.

"ஐயோ மல்லி, நீ இருக்கிறது மேகத்துக்குள்ள! இவ்வளவு ஒசரத்துல தண்ணி நூறுக்கு முன்னாலயே கொதிச்சிரும். கொழும்புல போயி கேத்தல வையி, நூறு காட்டும்."

அடுப்படியில் இருந்த எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்தேன்.

"அப்ப பருப்பு?"

"என்னா பருப்பு நங்கி?"

"கீழ வலப்பனையில, எங்கம்மா வீட்டுல வெரசா வேகுற பருப்பு இங்க வேக மாட்டேங்குதே. அதுக்கும் இதானா காரணம்?"

"அதேதான்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து, 'இது பருப்பா, ரோட்டுக்குப் போடுற கல்லா' என்று கேட்ட மனுசன். தலையைக் குனிந்துகொண்டு, அலுமாரி மேலிருந்து மீட்டரை எடுத்துத் துடைத்தார்.

"சரி சரி... மீட்டரும் நல்ல மீட்டரு. நீயும் நல்லாத்தான் சமைக்கிற. ரெண்டு பேரு மேலயும் பொய்க் கேஸ் போட்டுட்டேன்."

அன்றைக்கே பூட்டினோம். எஞ்சினில் குமிழ் போகிற ஓட்டையை மூடியிருந்த அடைப்பு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றி, அந்த ஓட்டையில் குமிழை இறுக்கினார். குழாய் மடிந்தால் மீட்டர் செத்துவிடுமாம். கைப்பிள்ளையைப் பிடிக்கிற மாதிரி நான் பிடித்துக்கொண்டேன். மிஞ்சிய நீளத்தை வெற்றுப் பால் டின்னில் மெதுவாகச் சுற்றிச் சுருளாக்கிக் கொடுத்ததும் நான்தான்.

எல்லாம் முடிந்ததும் அவர் என் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, கேத்தலில் முள் நின்ற இடத்துக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினார்.

"நம்ம வீட்டுத் தண்ணி கொதிக்கிற எடம். முள்ளு இத தொடக் கூடாது."

"நல்ல ஆளுங்க நீங்க... வெறும் நெத்தியோட நிக்க வைக்கிறீங்களே!" என்று உள்ளே ஓடிப் போய் வேறு பொட்டு வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டில் எனக்கு அதுதான் வேலை. அவர் ரோட்டைப் பார்ப்பார், நான் முள்ளைப் பார்ப்பேன். பின் சீட்டில் சின்னப் பையனாக இருந்த மகன் எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பான்.

"எங்க நிக்குது புள்ள?"

"பொட்டுக்கு ஒரு அரிசி எடம் இருக்குங்க."

உடனே ஓரங்கட்டுவார். ஆறும் வரைக்கும் கதை பேசிக்கொண்டிருப்போம். அந்த எஞ்சின் பிறகு கொதிக்கவே இல்லை.

கருமாதியன்று என் நெற்றிப் பொட்டை எடுத்தார்கள். காரில் இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

போன வாரம் மகன் காரை விற்க ஒரு ஆளைக் கூட்டி வந்தான். வந்தவர் உள்ளே உட்கார்ந்து, "இதென்னா ஸ்டிக்கரு?" என்று நகத்தால் சுரண்டப் போனார்.

"கை வைக்காதீங்க!"

எனக்கே தெரியாமல் சத்தம் வந்துவிட்டது. மகன் என் முகத்தைப் பார்த்தான். "பொறகு சொல்றோம்ண்ணே" என்று அவரை அனுப்பிவிட்டான். விற்போமா, வைத்திருப்போமா... இன்னும் முடிவாகவில்லை.

இப்போது வருகிற கார்களில் முள்ளே இல்லையாம். சூடு ஏறினால் ஒரு லைட் எரியுமாம். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நேற்று வலப்பனைக்குப் போய்விட்டு வந்தோம். மகன் ஓட்டினான். ஏற்றத்தில் பாதி தூரம் வந்ததும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"அம்மா, எங்க நிக்குது?"

கொஞ்ச நேரம் எனக்குக் கண் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

"ஒரு அரிசி எடம் இருக்குப்பா... ஓரமா நிப்பாட்டு."