பக்கத்துக் கொல்லைப் பருத்தி

பிழைத்திருக்கக்கூடிய பருத்திச் செடிகளைப் பிடுங்கிப் போடச் சொன்னவன் நான். வைரஸ் நோய் என்றேன். அது பொய். அவற்றைச் சுருட்டியது என் கொல்லையில் தெளித்த களைக்கொல்லி. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

மேல்நிலைப் பள்ளியில் வேளாண்மைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் எங்கள் ஊர். மழையை நம்பிய கரிசல் நிலங்கள், எங்கள் பேச்சில் கொல்லைகள். ஒருவர் மக்காச்சோளம் போட்டால், வரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் பருத்தி போட்டிருப்பார்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு விவசாயிகள் குழுவோடு வடக்கே போய்க் கோதுமை வயல்களைப் பார்த்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை. அது புல் இனம். அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்தை அடித்தால் களை சாகும், கோதுமை நிற்கும். குனிந்து களை பறிக்க ஓர் ஆள்கூட இல்லை. நம் பெண்களின் முதுகுவலியை நினைத்துக்கொண்டேன் என்று ஊர் டீக்கடையில் வந்து சொன்னேன். உண்மையில் நினைத்தது, எனக்குக் களையெடுக்க ஆள் கிடைக்காத சங்கடத்தை.

மக்காச்சோளமும் புல் இனம்தான், அதே மருந்தை ட்ரோனில் அடிக்கலாம் என்றேன். கடையில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள், பாதிப் பேர் ஆகாது என்றார்கள். என் பக்கத்துக் கொல்லைக்காரன், எனக்கு மகன் முறை, ஒன்றுதான் கேட்டான்.

"அங்க சுத்தியும் கோதும பெரியப்பா. இங்க என் பருத்தியில்ல பக்கத்துல நிக்குது?"

உன் வரப்பைத் தாண்டாது என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

என் மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கப் புரட்டாசியில் ட்ரோன் வந்தது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. காற்று எழுந்துவிட்டது, தோளில் துண்டு நிற்கவில்லை. இன்று வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் டீக்கடையில் பேசியதெல்லாம் வீணாகிவிடும் என்று பேசாமல் நின்றேன்.

சில நாட்களில் அவன் பருத்தியின் கொழுந்துகள் விரல் விரலாகச் சுருங்கின. புருஷனும் பெண்டாட்டியும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஊரில் எந்தச் செடிக்கு என்ன வந்தாலும் என்னைக் கேட்பதுதான் வழக்கம். வேறு யாராவது படித்தவர் வந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். செடி இருந்தால்தானே பார்ப்பார்கள்? நோய் பரவும், எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்றேன்.

அவள் ஒரு செடியை விலக்கிக் காட்டினாள். "அடியில நல்ல தளிர் வருது பாருங்க மாமா. கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்பமே?"

பொறுத்திருந்தால் தேறியிருக்கும். அது தெரிந்தும், "வைரஸ் வந்தா தேறாதும்மா" என்றேன்.

பிடுங்கிக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்த வருஷம் விதையை மாற்றியது அவன். அதைச் சொல்லி அவள் சண்டை போட்டது வரப்பு தாண்டிக் கேட்டது. நான் என் கதிர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தை பிறப்பதற்குள் அவன் ரெட்டிபாளையத்துக்கு, சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றப் போய்விட்டான்.

அடுத்த ஆடியில் அந்தக் கொல்லை உழாமல் கிடந்தது. பார்த்துப் பார்த்துத் தாங்க முடியாமல், அவனுக்கு லீவு இருந்த ஒரு நாள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். "நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டதெல்லாம் வேஸ்ட்டா பெரியப்பா?"

அவள் சிரிக்கவில்லை. "வெதன்னு இவர எம்புட்டு பேசியிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

என் கொல்லையையும் சேர்த்துக் குத்தகையில்லாமல் உழுதுகொள்ளுங்கள், அவன் வேலையை விட்டு வரட்டும் என்றேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"சரி மாமா. ஆனா அறுப்பு முடியிற வரைக்கும் நீங்க கொல்லப்பக்கம் வரக்கூடாது. யாரு கேட்டாலும் ஒரு யோசன சொல்லக்கூடாது. எங்ககிட்ட சொன்னத டீக்கடையிலயும் போயி சொல்லிடணும்."

சொன்னேன். ட்ரோன் ஆகாது என்றவர்கள், மிஷின் செய்த வேலையைப் பார்த்தீர்களா என்று ஆரம்பித்தார்கள். மிஷின் செய்யவில்லை, நான் செய்தேன் என்றேன். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. விவாதம் பழைய இடத்திலேயே தொடர்ந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவள் என் கொல்லையில் மக்காச்சோளமும் தங்கள் கொல்லையில் பருத்தியும் போட்டாள். பருத்தியை ஒட்டிய சால்களில் கையால் களையெடுத்தாளாம். மிச்சத்துக்கு, காற்றில்லாத ஒரு விடியலில் அதே ட்ரோனை அழைத்தாளாம். கேள்விப்பட்டதுதான், நான் போய்ப் பார்க்கவில்லை. விளைச்சல் நன்றாகவே வந்தது.

அவன்தான் திரும்பவில்லை. அறுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் கேட்டேன்.

"மாசச் சம்பளம் பழகிடுச்சு பெரியப்பா" என்றான். "மேல பாத்து மழைக்கு நிக்க இனிமே நம்மால ஆவாது."

இந்த வருஷமும் இரண்டு கொல்லைகளையும் அவள் தனியாகத்தான் பார்க்கிறாள்.