கரியால் போட்ட ஜன்னல்

ஹட்டனில் என் சொந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் கொந்தராத்துக்காரர் பென்சிலால் ஒரு சதுரம் போட்டார். "ஜன்னலுக்கு இந்த எடம் சரியாம்மா?" என்று கேட்டவர், சுண்ணாம்புத் தூசியில் இருமினார். நான் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது. ஈரவிறகுப் புகை முழுதும் அம்மாவின் நெஞ்சுக்குள்தான் போனது. வெள்ளையடிக்க வந்த கொத்தனாருக்கு அப்பா அடுப்பின் மேலே கரியால் சதுரம் போட்டுக் காட்டினார்.

"ரெண்டு கல்ல உருவினா போதும்ண்ணே."

தோட்டத்துச் சுவரில் கைவைத்தால் பேரை வெட்டிவிடுவார்கள். வேலையோடு அறையும் போகும். ஏழு வயதான என்னை அப்பா வாசலில் நிறுத்தினார். "கண்டாக்கையா வந்தா இருமு புள்ள."

மேற்பார்வைக்கு வரும் கண்டாக்கையா கைத்தடியோடு வளைவில் தெரிந்ததும் இருமினேன். உளிச் சத்தம் நிற்கவில்லை. தொண்டை கிழிய இருமினேன். உள்ளே அம்மாவும் இருமிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் இருமலை யாரும் காதில் வாங்குவதில்லை.

கைத்தடி என்னைத் தாண்டி உள்ளே போனது. கொத்தனார் உளியைப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு மட்டையை எடுத்தார். "கரி புடிச்ச சுவருங்க, சுரண்டிட்டு ரெண்டு பூச்சு அடிக்கணும்." கண்டாக்கையா பார்க்கப் பார்க்க, ஒரு கல்லும் பெயராத எங்கள் ஜன்னலை வெள்ளையடித்து மூடினார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அம்மாதான் அவரிடம் கேட்டாள்: "புள்ளைக்கு வேற ஏதாச்சும் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

"யாராச்சும் வாராங்களாம்மா?" என்றார் கொந்தராத்துக்காரர்.

"யாருமில்ல. நீங்க ஒடைங்க."

முதல் கல் உருவப்படும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.