கரண்டி அடுக்கும் விளையாட்டு

படியேறும்போதெல்லாம் அம்மா மழலைக் குரலில் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவதை மகள் சிறுவயதிலிருந்தே கவனித்திருக்கிறாள். அம்மா குழந்தை பார்க்கும் ஆயாவாக வேலை செய்த வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அந்த வீட்டுக் குழந்தையோடு கரண்டிகளைப் பெரிசு, சின்னது என்று அடுக்குவாள். காலுறைகளுக்கு ஜோடி தேடுவாள். வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருக்காது.

"என்கூடவும் விளையாடும்மா."

"உயிரை வாங்காம போய்ப் படி."

கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் மகள் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கினாள். அன்றும் அம்மா அந்த வீட்டுப் பிள்ளையைத்தான் மெச்சினாள்.

"கணக்குல புலியாம். எல்லாம் நான் விளையாட்டா சொல்லிக்கொடுத்தது. உனக்குத்தான் மண்டையில ஏறலை."

"எனக்கு எப்பம்மா சொல்லிக்கொடுத்தே?"

அம்மா, "ஒருநாள் லீவு போட்டுட்டு உன்கூட விளையாடறேன், போதுமா?" என்று சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை. கடைசிவரை அந்த லீவைப் போடாமலே அம்மா போய்ச் சேர்ந்தாள்.