நான் கொண்டுபோன கடிதம்

அந்தக் கடித உறையை ஆறு நாள் என் கைப்பையில் வைத்திருந்தேன். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று பொலித்தீனில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கைக்குட்டையையும் சுற்றியிருந்தேன். பிரதேச சபைக் கூட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் நாலு தடவையாவது பையைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தேன். பிரித்துப் படிக்கவேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் சபை உறுப்பினரானதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் வேலை செய்கிற குடும்பம் எங்களுடையது. பால் வெட்டப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பதினொரு வருஷம் வேலை செய்தேன். தேர்தல் வந்தபோது பெண்களுக்கென்று ஒதுக்கிய இடங்களுக்குக் கட்சிக்காரர்கள் பெயர் தேடினார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், வாயும் கொஞ்சம் நீளம். கேட்டார்கள், கையெழுத்துப் போட்டேன். தெரிவாகிவிட்டேன் என்று போனில் சொன்னபோது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

சபையில் நான் கொண்டுவந்த முதல் பிரேரணை, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் போகிற பாலம். பாலம் என்று சொல்வதே அதிகம். ஓடைக்குக் குறுக்கே இரண்டு தென்னந்துண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். பெரிய மழைக்குத் தண்ணீர் துண்டுக்கு மேலாலே போகும். லயத்துச் சனம் முழுக்க அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டும். என் தங்கச்சி முதல் தடவை உண்டாகியிருந்தபோது அதில்தான் வழுக்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. நான் சபைக்குப் போன வருஷம் அவளுக்கு மறுபடியும் ஏழு மாதம். மே மாத மழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.

"கிளினிக்குக்குப் போறதுன்னா ரெண்டு நாளைக்கு முன்னாடியே எனக்குத் தூக்கம் போயிருதுக்கா," என்றாள் ஒரு நாள். "நீதானே மெம்பரு. ஏதாச்சும் செய்யேன்."

செய்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் உறுப்பினர் ஒருவர் என் பிரேரணையை ஆமோதிக்க ஒத்துக்கொண்டார். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன்; நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். சபையில் ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்துவிட்டு வந்து, "பதிமூணு கை வரும் தங்கச்சி. நீங்க ஒண்டுக்கும் பயப்பட வாணாம்," என்றார். இருபத்தொரு பேர் சபையில் பதின்மூன்று கை போதும். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஆனால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கூரைத் தகரம் மாற்றுவதா, கோயிலுக்குப் பந்தல் போடுவதா, வீட்டுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு கட்டுவதா, எதுவென்றாலும் முதலில் தோட்ட மனேஜரான துரையிடம் கேட்கவேண்டும். துரையின் கடிதம் இருந்தால் காரியம் நடக்கும். இன்னொன்றும் உண்டு. ஆபீஸில் கொடுக்கிற உறையை நாங்கள் பிரிக்க மாட்டோம். யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். அப்பா அப்படித்தான் செய்தார், அம்மாவும் அப்படித்தான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே ஊறியிருந்தது.

அதனால் போனேன். பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். "மெம்பர் அம்மா, உள்ளுக்கு வாங்க," என்று கிளாக்கர் ஐயா சிரித்தார். துரை இளவயதுக்காரர். எனக்கு நாற்காலி காட்டினார். அந்த ஆபீஸில் எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். பாலத்தைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நல்ல விஷயம். சேர்மனுக்கு லெட்டர் ஒண்ணு தாறேன். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே லயத்தில் வீடு வீடாகச் சொன்னேன், துரையே கடிதம் கொடுத்துவிட்டார் என்று. தங்கச்சி என் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தாள்.

கூட்டத்தன்று மண்டபத்துக்குள் போனதும் முதல் வேலையாக உறையைச் சபைத் தலைவரான தவிசாளர் கையில் கொடுத்தேன். அவர் பிரிக்காமல் கோப்புக்கு மேலே வைத்தார். பெருமையோடு வந்து நானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன லெட்டர் அது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு ஒங்களக் கேக்கச் சொன்ன? அது சபைட பாத. புத்தகத்தில ஏறின பாத. தொரைட்ட ஒண்டும் கேக்கத் தேவல்லயே. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கு?"

"தெரியாதுங்க நானா. ஒட்டியிருந்துச்சு."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பாலம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது. முதலில் தெருவிளக்கு வந்தது. பிறகு சந்தைக் கூரை. பிறகு குப்பை டிராக்டர் யார் வட்டாரத்துக்கு எந்த நாள் என்று முக்கால் மணி நேரம் இழுத்தார்கள். என் கண் அந்த உறையை விட்டு நகரவில்லை. எழுந்து போய் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். கொடுத்த கடிதத்தை எப்படித் திருப்பிக் கேட்பது? உள்ளே நல்லதாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லதுதான் என்றால் ஏன் என்னிடம் ஒரு வார்த்தை வாயால் சொல்லவில்லை என்று உடனே இன்னொரு எண்ணம் வந்தது.

ஏழாவது வந்தது. தவிசாளர் உறையைக் கிழித்தார். ஆங்கிலக் கடிதம். செயலாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். ஓடையின் இரு கரையும் தோட்டத்து நிலம், கம்பனியின் தலைமை அலுவலகம் முடிவு சொல்லும்வரை சபை அங்கே எந்த வேலையும் தொடங்க வேண்டாம் என்று எழுதியிருந்தது.

அந்தப் பாதை சபையின் பதிவேட்டில் இருக்கிறது என்று நானா எழுந்து சொன்னார். எதிர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் விஷயத்தை ஒத்திவைக்க வேண்டும் என்றார். தவிசாளர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். "இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்ததே நீங்கள்தானே அம்மா? தோட்டத்தின் சம்மதம் வேண்டும் என்று நினைத்துத்தானே போனீர்கள்?"

எழுந்து நின்றேன். தங்கச்சி விழுந்ததைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகியிருந்தேன். வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம். "அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது." பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிள்ளைக் காம்பராவில் நாற்பது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைக்கிறவள் நான். அங்கே அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒத்திவைக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்கள். செயலாளர் பேனாவால் ஒவ்வொரு கையாகக் காட்டி எண்ணினார். எங்களோடு நிற்பதாகச் சொன்ன நாலு பேருடைய கையும் அதில் இருந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, நீயே கொண்டுவந்துவிட்டாயே நான் என்ன செய்ய என்பதுபோலத் தோளைக் குலுக்கினார். பன்னிரண்டு. எதிர்த்து ஒன்பது. அந்த ஒன்பதில் என் கையும் ஒன்று. எட்டாவது விஷயம், நூலகத்துக்கு மின்விசிறி.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடைக்கு வந்தபோது தங்கச்சி அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தாள். துண்டைக் கடந்து போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்கவில்லை.

"அந்தக் கடுதாசிய நீயா குடுத்த?"

"நான்தான்."

"சரி, வா. சோறு ஆறுது," என்றாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் கேட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பால் வெட்டு நின்று, ஓடை செம்மண் நிறத்தில் இரைந்தது. திகதிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தங்கச்சியைக் கேகாலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம். அவள் கணவன் பின்னால் பிடித்துக்கொள்ள, நான் முன்னால் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே போனது.

பெண் பிள்ளை. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை, கும்பிடாத தெய்வம் பாக்கியில்லை. பிள்ளை பிறந்த எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கு மழை விட்டிருந்தது, ஆனால் துண்டு இரண்டும் பாசியும் சேறுமாக இருந்தன. அவள் கணவன் இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கையை நீட்டினான். தையல் போட்ட உடம்பு, கம்பியைப் பிடிக்க அவளுக்கு ஒரு கை வேண்டும். அதனால் பிள்ளையை என்னிடம் தரச்சொல்லிக் கையை விரித்தேன். பதினொரு வருஷம் பிள்ளை தூக்கின கை.

தங்கச்சி என் கையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிச் சேலையால் கட்டிக்கொண்டாள்.

"நீ பையக் கொண்டாக்கா," என்றாள். "பிள்ளைய நான் கொண்டுபோறேன்."

நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.