அந்தக் கை யாருடையது

எங்கள் தையல் கடைக்குப் பக்கத்துக் கடையில் மின்விசிறி பழுது பார்ப்பவரை எல்லோரும் ஃபேன் அக்கா என்போம். மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவதைச் செல்போனில் படம் பிடித்து, தானே விளக்கிப் பேசி வலைத்தளத்தில் போட்டார். கீழே வந்த கருத்துகளில் வெளியே சொல்லக்கூடியது, "போய் அடுப்பைப் பாருடி" என்பது மட்டும்தான்.

"மானம் போகுது. மூஞ்சியும் வேணாம், குரலும் வேணாம்" என்றார் அவர் கணவர்.

அடுத்த படங்களில் அக்கா வளையலைக் கழற்றிவிட்டு, பேசாமல், கைகளை மட்டும் காட்டினார். பாராட்டு குவிந்தது. "அண்ணே, உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்!" கணவர் அதைக் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் காட்டினார்.

"அந்த அண்ணன் மேல எனக்கே பொறாமையா இருக்குடி" என்று அக்கா என்னிடம் சிரித்தார். ஆனால் மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

மறுநாள் முகத்தைக் காட்டி, "அந்தக் கை என்னுதுதான்" என்று சொல்லி ஒரு படம் போட்டார். சாயங்காலத்துக்குள் வசவு கொட்டியது.

"அழிச்சிடுங்கக்கா" என்றேன்.

"இருக்கட்டும். திட்டுறதாவது என்னைத்தானே திட்டுறாங்க."

தினமும் அவரை அழைத்துப்போக வரும் கணவர் அன்று வரவில்லை. நான் கிளம்பும்போது, அக்கா தனியாக உட்கார்ந்து அடுத்த விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.